மாறாத மரக்கால் எங்கே கிடைக்கும்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

கொரோனா காலத்தில் நம்மில் பெரும்பாலோர் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு பரிசோதனை செய்துகொண்டோம். ‘சி.டி. வேல்யூ எவ்வளவு?’ என்று ஒருவரை ஒருவர் விசாரித்ததும் நினைவிருக்கும். அந்தச் சோதனையில் வைரஸை மட்டும் தேடவில்லை. கூடவே மனிதனுடைய மரபணு ஒன்றையும் தேடினார்கள். பல கிட்டுகளில் அதன் பெயர் ‘ஆர்.என்.ஏஸ் பி’. வைரஸ் இல்லை என்று வந்தாலும் அந்த மனித மரபணு தெரிந்தாக வேண்டும். அதுவும் தெரியவில்லை என்றால், குச்சியில் சதை ஒட்டவே இல்லை, அல்லது சோதனையில் எங்கோ கோளாறு என்று பொருள். முடிவு செல்லாது, மறுபடி மாதிரி கொடுக்க வேண்டும். ‘உங்களுக்கு நோய் இல்லை’ என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த ஒற்றை மரபணு சாட்சியாக நின்றது.

இப்படிச் சாட்சி சொல்லும் மரபணுவுக்கு ‘ஒப்பீட்டு மரபணு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் சிலர் போனில் பேசும்போது, இந்தச் சாட்சியைத் தேர்ந்தெடுப்பதற்கே மாதக்கணக்கில் நேரம் போகிறது என்று சொல்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள், ‘இத்தனை மாதமாக என்னதான் செய்கிறாய்?’ என்று கேட்கிறார்களாம். அந்த வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மூளையை ஆராய்கிறவர்கள் தங்கள் அளவுகோலையே சந்தேகிக்கக் கற்றுக்கொண்ட வரலாறு இது. முதலில் நம் பக்கத்துக் கதை ஒன்றிலிருந்து வருகிறேன்.

ஆடவல்லான் என்னும் மரக்கால்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளவு சொல்லும்போது ‘ஆடவல்லான்’ என்று ஒரு மரக்கால் வரும். பொன் நிறுப்பதற்கு அதே பெயரில் ஒரு கல்லும் உண்டு. ஆடவல்லான் என்றால் நம் தில்லைக் கூத்தன்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ராஜராஜ சோழன் அளவுக் கருவிக்கு ஆண்டவன் பெயரை ஏன் வைத்தான்? நெல் கொடுப்பவனும் வாங்குபவனும் அவரவர் வீட்டு மரக்காலை எடுத்து வந்தால் சண்டை ஓயாது. யாரும் கை வைக்க முடியாத ஒன்று பொதுவாக இருக்க வேண்டும். அந்த மரக்கால் ராஜகேசரி என்ற இன்னொரு மரக்காலுக்குச் சமம் என்பதையும் கல்லிலேயே எழுதி வைத்தார்கள். ஓர் அளவை இன்னொரு அளவோடு ஒத்துப் பார்த்து, அதை ஊரறியச் சொல்லிவிட்டார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த கதை கடலூருக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். பிறகு பெரும் முக்கோண நில அளவை என்று புகழ்பெற்ற வேலையின் தொடக்கம் அது. அந்தக் கோட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பூமியின் உருவத்தைக் கணக்கிட வடக்கு தெற்காக ஒரு வில்லையும் அளந்தார். அந்த வில்லின் தென்முனை நம் திருவந்திபுரம். அவருடைய குறிப்பில் ஊர்ப் பெயர் ‘டிரிவந்தேபோரம்’ என்று திரிந்து கிடக்கிறது. தேவநாதப் பெருமாளைச் சேவிக்கப் போகும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

லாம்டன் அளந்தது நூறடி நீள எஃகுச் சங்கிலியால். எஃகு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். இழுத்து இழுத்துக் கண்ணிகளும் தேயும். அதனால் சங்கிலிக்கு நிழல் கட்டி, வெப்பமானி வைத்து, வெப்பத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தினார். உழைக்கும் சங்கிலியை, ஒதுக்கி வைத்திருந்த மற்றொரு சங்கிலியோடு ஒப்பிட்டும் பார்த்தார். நிலத்தை அளப்பதற்குப் பட்ட பாட்டில் பெரும்பகுதி சங்கிலியை அளப்பதற்கே போனது.

இன்னும் ஒன்று. பாரிஸ் அருகே பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றை 1889 முதல் உலகத்துக்கே கிலோகிராம் என்று வைத்திருந்தார்கள். அதன் நகல்களில் 57ஆம் எண் உள்ளது இந்தியாவுக்கு வந்து டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறு ஆண்டு கழித்து மூலத்தையும் நகல்களையும் ஒப்பிட்டபோது இடையில் ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வித்தியாசம் விழுந்திருந்தது. மூலம் இளைத்ததா, நகல்கள் பெருத்தனவா? சொல்ல வழியே இல்லை. ஏனென்றால் மூலம்தான் கிலோ! கடைசியில் 2019 மே 20 முதல் அந்த உருளையை விட்டுவிட்டு, இயற்கையின் மாறிலி ஒன்றைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்தார்கள்.

பெட்டிக்குள் பூட்டி வைத்த உலோகத்துக்கே இந்தக் கதி. உயிருள்ள மூளைக்குள் மாறாத அளவுகோல் தேடுகிறவர்கள் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

மரபணுவை எப்படி அளக்கிறார்கள்?

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொஞ்சம் தூசி தட்டுவோம். உங்கள் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. கல்லீரல் கல்லீரலாகவும் மூளை மூளையாகவும் இருப்பதற்குக் காரணம், எந்த மரபணு எங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்பது. வேலை செய்யும் மரபணு தன்னைப் படியெடுத்துத் தூது ஆர்.என்.ஏ. அனுப்பும். தூதுகளை எண்ணினால் மரபணு எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று தெரியும்.

தூதுகள் மிகச் சில. எனவே ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அதை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். எத்தனையாவது சுற்றில் கருவியின் கண்ணுக்குப் படுகிறதோ அந்த எண்தான் சி.டி. வேல்யூ. ஆரம்பத்தில் நிறைய இருந்தால் சீக்கிரம் தெரியும், குறைவாக இருந்தால் தாமதமாகத் தெரியும். ஒரு சுற்று வித்தியாசம் என்றால் இரண்டு மடங்கு. ஐந்து சுற்று என்றால் முப்பத்திரண்டு மடங்கு.

இதில் ஒரு சிக்கல். ஒரு துண்டு மூளையில் 20 மில்லிகிராம் எடுத்திருப்போம், இன்னொன்றில் 15 வந்திருக்கும். ஒன்றில் ஆர்.என்.ஏ. நன்றாகக் கிடைத்திருக்கும், இன்னொன்றில் பாதி சிதைந்திருக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால், பெரிய மரக்காலில் அளந்த நெல்லையும் சின்ன மரக்காலில் அளந்த நெல்லையும் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டது போலாகும். அதனால் எல்லாச் செல்லிலும் எப்போதும் ஒரே அளவில் ஓடுகிற ஒரு மரபணுவையும் சேர்த்து அளந்து, அதனால் வகுத்துக்கொள்கிறார்கள்.

கணக்காகவே சொல்கிறேன். நல்ல மூளையில் நாம் தேடும் மரபணு 200, ஒப்பீட்டு மரபணு 100. வகுத்தால் 2. நோயுற்ற மூளையில் தேடும் மரபணு 100, ஒப்பீட்டு மரபணு 50. வகுத்தால் அதே 2. ‘மாதிரி பாதிதான் இருந்தது, மற்றபடி மாற்றம் இல்லை’ என்று எழுதிவிடலாம். மாதிரி உண்மையிலேயே பாதியாக இருந்திருந்தால் அது சரி. ஆனால் மாதிரி முழுசாக இருந்து, நோயே அந்த ஒப்பீட்டு மரபணுவைப் பாதியாக்கி இருந்தால்? தேடிய மரபணு பாதியாகக் குறைந்த பெரிய உண்மை நம் கண் முன்னால் மறைந்துபோகும். தலைகீழாக நடந்தால், இல்லாத மாற்றம் ஒன்று முளைத்து நிற்கும். எண்கள் சுத்தமாக இருக்கும், கூட்டல் கழித்தலில் பிழை இருக்காது, முடிவு மட்டும் பொய்யாக இருக்கும்.

குறிஞ்சிப்பாடியில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லலாம். நனைந்தால் சுருங்குகிற நாடாவை வைத்து, மழைநாளில் கைலியின் நீளம் பார்ப்பது போன்றது அது.

பழக்கத்தால் வந்த நம்பிக்கை

இப்போது வரலாறு. 1977இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து அடையாளம் காணும் ‘நார்தர்ன் பிளாட்’ என்ற முறை வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் டி.என்.ஏ.வுக்கு அதே போன்ற முறையைக் கண்டுபிடித்தவர் பெயர் எட்வின் சதர்ன். சதர்ன் என்றால் தெற்கு என்பதால், இதற்கு விளையாட்டாக வடக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த முறையில் கறுப்புக் கோடுகளாகத்தான் விடை தெரியும். தடித்த கோடா, மெல்லிய கோடா என்று பார்ப்பார்கள். எல்லாக் குழியிலும் சமமாக மாதிரி போட்டிருக்கிறோம் என்று காட்ட ஒரு பொது மரபணு தேவைப்பட்டது. செல்லின் சட்டகத்தைக் கட்டும் ஆக்டின், சர்க்கரையை உடைக்கும் ஜி.ஏ.பி.டி.எச். போன்றவை கைக்கு எளிதாகக் கிடைத்தன. எல்லாச் செல்லிலும் இருப்பவை, நிறைய இருப்பவை. ‘இவை வீட்டைப் பெருக்கித் துடைக்கும் அன்றாட வேலைக்காரர்கள், எப்போதும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்’ என்று நம்பி, ‘இல்லப் பராமரிப்பு மரபணுக்கள்’ என்று பெயரும் வைத்தார்கள். கோட்டின் தடிமனைக் கண்ணால் பார்க்கிற காலத்தில் அந்த நம்பிக்கை பெரிய கேடு செய்யவில்லை. கருவியே முரடாக இருக்கும்போது சின்னப் பிழைகள் அதற்குள் அடங்கிவிடும்.

1983இல் கேரி முல்லிஸ் பி.சி.ஆர். முறையை உருவாக்கினார். 1993இல் நோபல் பரிசும் பெற்றார். 1990களில் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு பெருகுகிறது என்பதை உடனுக்குடன் காட்டும் கருவிகள் வந்தன. திடீரென்று இரண்டு மடங்கு, ஒன்றரை மடங்கு வித்தியாசமெல்லாம் அளக்கக் கூடியதாகிவிட்டது. நெல் மூட்டை நிறுக்கும் தராசு இருந்த இடத்தில் பொன் நிறுக்கும் தராசு வந்துவிட்டது, ஆனால் எடைக்கல்லை மட்டும் யாரும் மாற்றவில்லை! 1999இல் முன்னணி இதழ்களில் வெளியான ஆர்.என்.ஏ. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை அதே பழைய மரபணுக்களில் ஒன்றைத் தனியாக நம்பி இருந்ததைக் கண்டார்கள். ‘அவர் அதைப் பயன்படுத்தினார், அதனால் நானும்’ என்பதுதான் காரணம். வகுப்பில் ஒருவன் விடையைப் பார்த்து வரிசையே எழுதுவதை நாற்பது வருடம் பார்த்தவனுக்கு இது புதிதில்லை.

2002: சாட்சிகளை ஒன்றாக நிறுத்தியபோது

2002இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து யோ வாண்டெசோம்பெலே குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து இல்லப் பராமரிப்பு மரபணுக்களை 13 வகைத் திசுக்களில் அளந்து ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டார்கள். ஒரே ஒரு மரபணுவை மட்டும் நம்பினால், நான்கில் ஒரு பங்கு ஒப்பீடுகளில் மூன்று மடங்குக்கு மேலும், பத்தில் ஒரு பங்கில் ஆறு மடங்குக்கு மேலும் பிழை வரக்கூடும் என்று காட்டினார்கள். இரண்டு மடங்கு மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கட்டுரை எழுதுகிற உலகத்தில், அளவுகோலே ஆறு மடங்கு தவறலாம் என்றால் நிலைமை எப்படி?

அவர்கள் சொன்ன வழி எளிமையானது. எது மாறாதது என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. எனவே பத்துச் சாட்சிகளைக் கூண்டில் நிறுத்துங்கள். ஒவ்வொரு ஜோடியும் எல்லா மாதிரியிலும் ஒரே விகிதத்தில் இருக்கிறதா பாருங்கள். அதிகம் முரண்படுகிறவரை வெளியே அனுப்புங்கள். மறுபடி பாருங்கள். கடைசியில் ஒத்துப்போகும் மூன்று பேரையாவது வைத்துக்கொண்டு, அவர்களுடைய பெருக்குச் சராசரியை அளவுகோலாக வையுங்கள். ஆடவல்லானை ராஜகேசரியோடு ஒத்துப் பார்த்த அதே புத்திதான் இது.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு சாட்சிகள் கூட்டுச் சேர்ந்துகொண்டு ஒரே பொய்யைச் சொன்னால்? ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிகிற இரு மரபணுக்கள் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். விகிதம் மாறாது, நல்லவர்களாகத் தெரிவார்கள். இதை உணர்ந்து, நோயுற்ற குழு, நலமான குழு இரண்டுக்கும் இடையில் எவ்வளவு ஆடுகிறது என்பதைத் தனியாகக் கணக்கிடும் முறையை 2004இல் டென்மார்க் ஆய்வாளர்கள் தந்தார்கள். அதனால்தான் சாட்சிகளை ஒரே குடும்பத்திலிருந்து எடுக்காதீர்கள் என்கிறார்கள். சர்க்கரை உடைக்கும் வேலையில் ஒன்று, புரதம் கட்டும் வேலையில் ஒன்று, கழிவு அகற்றும் வேலையில் ஒன்று என்று வெவ்வேறு துறையிலிருந்து எடுக்க வேண்டும்.

மூளை ஏன் தனிச் சிக்கல்?

ஈரலிலோ தசையிலோ இருப்பதைவிட மூளையில் இந்தச் சிக்கல் பல மடங்கு. காரணம் மூன்று சொல்கிறேன்.

முதலாவது, மூளை ஒரே வகைச் செல்லால் ஆனதில்லை. சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள், அவற்றைத் தாங்கும் துணைச் செல்கள், ரத்தக் குழாய்ச் செல்கள் எல்லாம் கலந்தது. அல்சைமர் போன்ற நோயில் நரம்புச் செல்கள் சாகும், துணைச் செல்கள் கிளர்ந்தெழும். ஊரில் பாதிப் பேர் வெளியூர் போய், வேறு ஆட்கள் குடிவந்த பிறகு எடுத்த கணக்கெடுப்பு மாதிரி அது. யாருடைய பழக்கமும் மாறாவிட்டாலும் ஊர்ச் சராசரி மாறிவிடும். ஆக்டின் நரம்புச் செல்களின் இணைப்பு முட்களைக் கட்டும் பொருள். அந்த இணைப்புகளையே அழிக்கும் நோயில் ஆக்டின் மாறாமல் இருக்கும் என்று எப்படி நம்புவது?

இரண்டாவது, சாவு வந்த விதம். விபத்தில் நொடியில் போன உயிருக்கும், பத்து நாள் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாகக் கிடந்து போன உயிருக்கும் மூளையின் வேதியியல் ஒன்றாக இருக்காது. ஆக்சிஜன் இல்லாமல் தவித்த மூளை அமிலமாகும். ஜி.ஏ.பி.டி.எச். சர்க்கரை உடைக்கும் நொதி ஆயிற்றே, ஆக்சிஜன் குறைந்தால் அதன் உற்பத்தியே கூடும். அது செல்லின் சாவோடும் தொடர்புள்ளது என்று பின்னால் தெரிந்தது. செல் சாகும் நோயை அளக்க, செல்லின் சாவில் பங்கெடுக்கும் ஒன்றையே நடுவராக வைத்திருந்தார்கள்!

மூன்றாவது, காலம். இறந்து எத்தனை மணி நேரம் கழித்து மூளை எடுக்கப்பட்டது, எத்தனை ஆண்டு உறைநிலையில் இருந்தது என்பதெல்லாம் ஆர்.என்.ஏ.வின் நிலையைப் பாதிக்கும்.

இந்த மூன்றாவதில் நம் பக்கத்து மாநிலத்துக்குப் பங்கு உண்டு. பெங்களூரு நிமான்ஸில் 1995இல் மனித மூளைத் திசு வங்கி தொடங்கப்பட்டது. டாக்டர் எஸ்.கே. சங்கர் அதன் தூணாக இருந்தவர். சாலை விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து, பிரேதப் பரிசோதனை அறை வாசலில் நிற்கும் குடும்பத்தாரிடம் பேசிச் சம்மதம் வாங்கிச் சேர்த்த மூளைகளும் அங்கே இருக்கின்றன. அங்குள்ள ஆய்வாளர்கள் 2011 வாக்கில், இறப்புக்கும் திசு எடுப்பதற்கும் இடைப்பட்ட நேரம், இறக்கும் தறுவாயின் அவதி, ஆண் பெண் வேறுபாடு, சேமிப்புக் காலம் ஆகியவை மூளைத் திசுவின் புரதங்களையும் மற்ற மூலக்கூறுகளையும் எப்படிப் பாதிக்கின்றன என்று வரிசையாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன், கையில் இருக்கும் பொருள் பேசத் தகுதியானதா என்று பார்க்கிற வேலை இது. பத்திரிகையில் தலைப்புச் செய்தியாக வராது. இது இல்லாமல் தலைப்புச் செய்திகளை நம்பவும் முடியாது.

2008இல் அல்சைமர் முதலிய மறதி நோயால் இறந்தவர்களின் மூளையையும் நலமாக இருந்தவர்களின் மூளையையும் வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதில் நிலையாக நின்றவை யூ.பி.இ.2டி2, சி.ஒய்.சி.1, ஆர்.பி.எல்.13 என்ற மூன்று மரபணுக்கள். நாம் அதிகம் கேள்விப்படாத பெயர்கள். காலம் காலமாக நம்பிய ஆக்டினும் ஜி.ஏ.பி.டி.எச்.உம் அந்த அளவுக்கு நிலையாக இல்லை.

உடனே அந்த மூன்றையும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள். அது அந்த நோய்க்கு, அந்த மூளைப் பகுதிகளுக்குக் கிடைத்த விடை. எலி மூளையில் வேறு வரலாம், வளரும் குழந்தை மூளையில் வேறு வரலாம். நம் அண்ணாமலைநகரில் உயிர்வேதியியல் துறையினர் பார்க்கின்சன் நோயைப் பற்றிப் பல ஆண்டுகளாக எலிகளில் ஆய்வு செய்து வருகிறார்கள். அப்படிப்பட்ட ஓர் எலி ஆய்வுக்கு, அல்சைமர் மனித மூளையில் தேறிய மரபணுவை அப்படியே எடுத்து வர முடியாது. அங்கே மறுபடி சோதித்தாக வேண்டும்.

குடும்பங்களின் கண்ணீரோடு விளையாடிய ஒரு கதை

‘இதெல்லாம் ஆய்வகத்துக்குள் நடக்கிற சண்டை, நமக்கென்ன?’ என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

1998இல் லண்டனிலிருந்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பீதியைக் கிளப்பியது. 2002இல் டப்ளின் நகர ஆய்வகம் ஒன்று அதற்கு வலுச் சேர்த்தது. வளர்ச்சிக் குறைபாடும் குடல் கோளாறும் உள்ள 91 குழந்தைகளில் 75 பேரின் குடல் திசுவில் தட்டம்மை வைரஸ் இருப்பதாகவும், மற்ற 70 பேரில் 5 பேருக்கு மட்டுமே இருப்பதாகவும் பி.சி.ஆர். மூலம் கண்டதாக அறிவித்தது. திசு குடலுடையது, ஆனால் கேள்வி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பற்றியது.

அமெரிக்காவில் சுமார் ஐயாயிரம் குடும்பங்கள் தடுப்பூசி இழப்பீட்டு நீதிமன்றத்தை நாடின. 2007இல் முதல் வழக்கு விசாரணையில், அந்த ஆய்வகத்தின் பதிவேடுகளைப் பரிசோதித்த ஸ்டீபன் பஸ்டின் என்ற பி.சி.ஆர். நிபுணர் சாட்சி சொன்னார். அவர் காட்டிய இரண்டு விஷயங்கள் நமக்குப் புரியக்கூடியவை.

ஒன்று: தட்டம்மை வைரஸிடம் ஆர்.என்.ஏ. மட்டும்தான் உண்டு. அதை டி.என்.ஏ.வாக மாற்றும் படியைச் செய்யாவிட்டால் எதுவுமே தெரியக் கூடாது. அந்தப் படியை விட்டுவிட்டுச் செய்த சோதனையிலும் ‘வைரஸ்’ தெரிந்தது. அப்படியென்றால் அது வைரஸ் இல்லை, ஆய்வகத்துக்குள் பரவிக் கலந்த டி.என்.ஏ.

இரண்டு: இங்கேதான் நம் ஒப்பீட்டு மரபணு வருகிறது. சில திசுக்கள் உடனே உறைய வைக்கப்பட்டவை, சில ஃபார்மலினில் போடப்பட்டவை. ஃபார்மலினில் ஆர்.என்.ஏ. சிதையும். எனவே ஃபார்மலின் திசுக்களில் ஜி.ஏ.பி.டி.எச். தாமதமாகத் தெரிந்தது, அது சரிதான். வைரஸும் உண்மையில் அந்தத் திசுவில் இருந்திருந்தால் அதுவும் அதே போலத் தாமதமாகத் தெரிந்திருக்க வேண்டும். அது மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி வந்தது. அதாவது அந்தச் சமிக்ஞை திசுவிலிருந்தே வரவில்லை. வீட்டுக்காரர் எல்லோரும் மழையில் நனைந்திருக்க, ஒருவர் மட்டும் உலர்ந்த சட்டையோடு நின்று ‘நானும் உங்களோடுதான் வந்தேன்’ என்றால் நம்புவீர்களா?

2009 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. 2010இல் வேக்ஃபீல்டு கட்டுரையை வெளியிட்ட இதழே அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் பீதி திரும்பப் பெறப்படவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வந்தது என்று உங்களுக்கே தெரியும். பெற்றோர் பலர் பயந்தார்கள். முகாமின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. எங்கோ ஓர் ஆய்வகத்தில் சரிபார்க்காமல் விட்ட சோதனையின் நிழல் நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசல் வரை வந்தது.

இன்றைய நிலை

அதே 2009இல் பஸ்டினும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, இத்தகைய ஆய்வுகளில் குறைந்தபட்சம் என்னென்ன விவரம் தர வேண்டும் என்று ஒரு விதிமுறை வெளியிட்டார்கள். தகுந்த ஆதாரம் காட்டாமல் ஒரே ஒரு ஒப்பீட்டு மரபணுவை வைத்து முடிவு சொல்வது ஏற்கத்தக்கதல்ல என்று அதில் சொல்லியிருக்கிறது. 2025இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. ‘இல்லப் பராமரிப்பு’ என்ற பழைய பெயரையும் ஆய்வாளர்கள் மெல்லக் கைவிட்டு ‘ஒப்பீட்டு மரபணு’ என்றே எழுதுகிறார்கள். பழைய பெயரில் ‘இது மாறாது’ என்ற முடிவு முன்கூட்டியே ஒளிந்திருந்தது. புதிய பெயரில் ‘இதை ஒப்பிட எடுத்திருக்கிறேன், தகுதியை நிரூபிக்கிறேன்’ என்ற பொறுப்பு இருக்கிறது.

விதி வந்ததால் எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். ஆக்டின் ஒன்றை மட்டும் போட்டு முடித்துவிடும் ஆய்வுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நேரம், பணம், பட்டம் முடிக்கும் அவசரம் எல்லாம் காரணம். பத்து மரபணுக்களைச் சோதிக்கப் பத்து மடங்கு வேதிப்பொருள் வேண்டுமே.

ஆராய்ச்சியில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு மூன்றே மூன்று சொல்கிறேன். வெவ்வேறு வேலை செய்யும் எட்டு, பத்து மரபணுக்களை உங்கள் சொந்த மாதிரிகளிலேயே சோதியுங்கள். நோயுற்றவை, நலமானவை இரண்டிலும் சோதியுங்கள், நலமானதில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். தேறாமல் போனவற்றின் பெயரையும் கட்டுரையில் எழுதுங்கள், அடுத்து வருகிறவருக்கு அது பெரிய உதவி. உங்கள் வழிகாட்டி அவசரப்படுத்தினால் பணிவோடு 2002ஆம் ஆண்டுக் கணக்கை அவர் முன் வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2023இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இதைப் படிக்கும் உங்களில் சிலர் வீட்டிலேயே, பெற்ற பிள்ளையின் பெயர் மறந்த தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். அவர்களுக்காக நாளை ஒரு மருந்து வரும் என்றால், அது எந்த மரபணு ஏறியது, எது இறங்கியது என்ற அளவுகளின் மேல் கட்டப்பட்டதாகத்தான் இருக்கும். அளவு தவறினால் மருந்துக்கான தேடலே தவறான தெருவில் போய் நிற்கும். பணத்தைக்கூட மறுபடி சம்பாதிக்கலாம். துக்கத்தின் நடுவில் ஒரு குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மூளைத் துண்டை மறுபடி வாங்க முடியாது. அதை வைத்துத் தவறாக அளந்தால், அந்தக் கொடையை வீணாக்கியதாகும்.

ஆகவே, ‘அளப்பதற்கு முன்னால் கோலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று உங்கள் மகளோ மகனோ சொன்னால், ‘நல்லது, நிதானமாகப் பார்’ என்று சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். ஆய்வகத்தில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். திருவந்திபுரம் பக்கம் இருப்பவர்கள் லாம்டன் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல மறக்காதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் பழைய உயிரியல் வாத்தியார்,
குறிஞ்சிப்பாடி